வரைபலகையும் கட்டற்ற கணினியும்
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுதல் மரபு. அப்பெருமையை அறியாதார் இவ்வவையில் இலர். ஆதலின் இன்று நாம் கைத்தொழிலைச் சார்ந்த ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறோம். கணினியில் ஓவியம் வரைவதற்குரிய பலகையை, விலையின்றிப் பெறத்தக்க லினக்ஸ் இயங்குதளத்தில் அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதே அப்பொருள். 'இது விழா மேடையில் பேசத்தக்கதா?' எனச் சிலர் வினவக்கூடும். நம் தெருக்களில் படம் வரையும் கைகள் எத்தனை இருந்தன, அக்கைகளுக்குரிய வேலை எங்கே போயிற்று என எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வினா எழாது.

கை இருந்தது, கருவி மாறியது

ஒரு தலைமுறைக்கு முன்பு சுவர் விளம்பரம், கடைப் பெயர்ப்பலகை, துணிப் பதாகை, பள்ளிச் சுவரில் தலைவர்களின் உருவம் ஆகிய யாவும் தூரிகையால் எழுதப்பட்டன. அத்தொழிலில் நம்மவர் பலர் இருந்தனர். ஏட்டுக் கல்வி எட்டாத வீட்டிலும் எழுத்தழகு இருந்தது. பின்னர் ஃபிளக்ஸ் அச்சு வந்தது. சில ஆண்டுகளிலேயே தூரிகை ஓய்ந்தது. கணினிமுன் அமர்ந்து படத்தை அமைப்பவர் ஒருவர், அப்படத்தைச் சட்டத்தில் அடித்து ஏணியில் ஏறிக் கட்டுபவர் மற்றொருவர் என்று வேலை இரண்டாகப் பிரிந்தது. வரைந்த கைகளுள் பல, ஏணியில் ஏறிக் கட்டும் கைகளாயின.

கணினிப் பக்கம் நம் பிள்ளைகள் செல்லாமற் போனது திறமைக் குறைவால் அன்று. கணினியின் விலை ஒரு தடை. மாதந்தோறும் சந்தா கேட்கும் வரைகலை மென்பொருள் இரண்டாவது தடை. இவ்விரண்டினும் பெரிய தடை ஒன்றுண்டு. பழுது நேரும்போதெல்லாம் 'இது உங்களுக்கு வராது, காசு கொடுத்து வேறு வாங்குங்கள்' என்று கடைக்காரர் கூற, அதனை நம் பிள்ளைகள் நம்பிவிடுவதே அத்தடை. முதல் இரண்டையும் கட்டற்ற மென்பொருள் பெருமளவு நீக்குகிறது. மூன்றாவதனை நாமே நீக்கிக்கொள்ளல் வேண்டும்.

மூலத்தை மறைக்காத மென்பொருள்

கட்டற்ற மென்பொருள் என்பது யாது? அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில், எவரும் உரிமையோடு பயன்படுத்தத்தக்க இயங்குதளம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலை எழுதி வெளியிட்டார். இருவழியாகவும் வந்த உழைப்புகள் சேர்ந்து, இன்று நாம் லினக்ஸ் என வழங்கும் இயங்குதளமாயின. இதனை எவரும் எந்நோக்கத்திற்கும் இயக்கலாம், இதன் மூல நிரலைப் படிக்கலாம், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம். இந்நான்கும் உரிமத்தில் எழுதப்பட்ட உரிமைகள். எவருடைய தயவும் அல்ல.

வேதத்தைக் காதால் கேட்டவனுக்கும் தண்டனை விதித்த நூல்கள் இருந்த நாடு இது. 'மூலத்தை மறைத்தல் ஆகாது' என்னும் விதியின் அருமையை நம்மினும் நன்கு உணரத்தக்கவர் யாவர்? அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியதும், அண்ணல் அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியதும் நம் சொல்லை நாமே அச்சேற்றல் வேண்டும் என்பதற்காகவே. நம் உருவத்தை நாமே வரைதல் அதன் தொடர்ச்சியாகும். எனினும் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். மென்பொருள் உரிமம் சாதியை ஒழித்துவிடாது. கதவு திறந்திருக்கிறது என்பதே செய்தி. உள்ளே நடந்து செல்ல வேண்டிய கால்கள் நம்முடையவை.

கணினியின் விலைபற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பு கேட்கும் வன்பொருள் தகுதி பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. ஆகவே அலுவலகங்கள் நல்ல நிலையிலுள்ள கணினிகளைக் கழித்துக் கட்டுகின்றன. 4 ஜி.பி. நினைவகமுள்ள அத்தகைய கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு வழங்கலை நிறுவி, அளவான படங்களை வரையலாம். நினைவகத்தை 8 ஜி.பி.யாக உயர்த்தினால் மேலும் நன்று.

வரைபலகை இயங்கும் முறை

கடைகளில் 'பென் டேப்லெட்' என்று கேட்டால் கிடைப்பதையே இங்கு வரைபலகை என்கிறோம். கருநிறத் தட்டுப் போன்ற பலகையும் ஓர் எழுதுகோலும் சேர்ந்தது அது. பெரும்பாலான எழுதுகோல்களில் மின்கலம் இராது. மின்கலமின்றி அது இயங்குவது எங்ஙனம்? பலகையின் அடியில் கம்பிச் சுருள்கள் வலைபோல் அமைந்துள்ளன. அவை மின்காந்த அலையை மேலே அனுப்புகின்றன. எழுதுகோலினுள் இருக்கும் சிறு சுருள் அவ்வலையால் அதிர்ந்து, மறுமொழியாக ஓர் அலையைத் திருப்பி அனுப்புகிறது. எந்தச் சுருளில் மறுமொழி வலிமையாக வந்தது என்பதைக் கொண்டு, முனை நிற்கும் இடத்தைப் பலகை கணக்கிடுகிறது. முனையை அழுத்தும்போது அவ்வலை சற்று மாறுபடுவதால் அழுத்தத்தின் அளவும் தெரிகிறது. முனை பலகையைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு விரற்கடை உயரத்தில் நின்றாலும் அதன் இடம் அறியப்படும்.

மெல்லத் தொட்டால் மெல்லிய கோடும், அழுத்தினால் தடித்த கோடும் விழுவது இந்த அழுத்த உணர்வினால்தான். தூரிகைக்கு அழகு தந்த அதே கைப்பழக்கம் ஈண்டும் பயன்படுகிறது. சுட்டெலியால் இது இயலாது. கருவிகளின் பெட்டியில் 2,048, 4,096, 8,192 என அழுத்தப் படிகளைப் பெரிதாக அச்சிட்டிருப்பர். கற்கத் தொடங்குவோர்க்கு 2,048 படிகளே போதும். எண்ணைக் கண்டு கூடுதல் விலை கொடுத்தல் வேண்டா.

அமைக்கும் முறை

முதலாவது, வாங்குமுன் ஆராய்தல். ஜப்பான் நாட்டு வாக்கம் நிறுவனப் பலகைகளுக்கான இயக்கி லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், அவற்றுள் பெரும்பாலானவை செருகியவுடன் இயங்கும். ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற விலை குறைந்த பலகைகள் பலவற்றுக்கு 'டிஜிமெண்ட்' என்னும் தன்னார்வத் திட்டத்தார் பல ஆண்டுகள் உழைத்து இயக்கி எழுதினர். அவ்வுழைப்பின் பெரும்பகுதி 'யூசி-லாஜிக்' என்னும் இயக்கியாகக் கெர்னலிலேயே சேர்ந்துள்ளது. ஆயினும் ஒவ்வொரு மாதிரியும் இயங்கும் எனக் கொள்ளல் ஆகாது. பெட்டியின் மேலுள்ள பெயரோடு மாதிரி எண்ணையும் குறித்துக்கொண்டு, அவ்வெண் லினக்ஸில் இயங்குவதாகப் பிறர் கூறியுள்ளனரா எனத் தேடிப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். திரையோடு கூடிய பலகை விலை மிகுந்தது. திரையில்லாத, ஏறத்தாழ 6 அங்குல நீளமுடைய பலகையே தொடக்கத்திற்குப் போதுமானது.

இரண்டாவது, இணைத்தல். பலகையை யு.எஸ்.பி. வடத்தால் கணினியோடு இணைத்து, முனையச் சாளரத்தைத் திறந்து, 'எல்எஸ்யுஎஸ்பி' என்னும் கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றி எழுதுக. இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் தோன்றும். அதில் பலகைக்குரிய வரி ஒன்று இருத்தல் வேண்டும். எது பலகையின் வரி என ஐயம் எழுமாயின், பலகையைக் கழற்றி மீண்டும் கட்டளையிடுக. மறைந்த வரியே பலகையின் வரி. எவ்வரியும் மறையவில்லையாயின், குறை லினக்ஸில் இருப்பதாக முடிவு செய்யாமல் முதலில் வடத்தை மாற்றிப் பார்க்க. கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே பயன்படும் வடங்கள் சில உண்டு. அவற்றின் வழியே தகவல் செல்லாது.

மூன்றாவது, எழுதுகோல் உணரப்படுகிறதா எனக் காணல். சுட்டி நகர்ந்தும் அழுத்த வேறுபாடு தெரியாதாயின், கணினி அப்பலகையை வெறும் சுட்டெலியாகக் கருதியிருத்தல் கூடும். அன்றி, வரையும் மென்பொருளில் அமைப்புச் சரியில்லாமலும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை எளிதில் அறியலாம். கிரீட்டா என்னும் வரைமென்பொருளின் அமைப்புப் பகுதியில் பலகையைச் சோதிக்கும் கட்டம் ஒன்றுண்டு. அதில் கோடிழுத்தால் அழுத்தத்தின் அளவு எண்ணாகத் தோன்றும். எண் மாறிக்கொண்டிருப்பின் பலகையும் இயக்கியும் நலமாக உள்ளன. தூரிகையின் அமைப்பை மட்டும் பார்த்தல் போதும். ஜிம்ப் மென்பொருளின் பழைய பதிப்புகளில் உள்ளீட்டுக் கருவிகள் என்னும் பகுதிக்குச் சென்று, முடக்கப்பட்ட நிலையிலுள்ள எழுதுகோலைத் 'திரை' என்னும் நிலைக்கு மாற்றிச் சேமித்தல் வேண்டும்.

நான்காவது, பலகையின் பரப்பையும் திரையின் பரப்பையும் ஒப்ப அமைத்தல். இதனைச் செய்யாதார் வட்டம் வரைந்தால் திரையில் முட்டை வடிவம் தோன்றும். பயிற்சி போதாது என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வர். குறை கையில் இல்லை, கணக்கில் உள்ளது. திரை 16க்கு 9 என்னும் விகிதத்தில் இருக்க, பலகையின் வரைபரப்பு 160 மில்லிமீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் அகலமும் உடையதாகக் கொள்வோம். 160ஐப் 16ஆல் வகுக்க 10. அதனை 9ஆல் பெருக்க 90. எனவே அகலத்தில் 90 மில்லிமீட்டரை மட்டும் பயன்படுத்தி, எஞ்சிய 10 மில்லிமீட்டரை விட்டுவிடல் வேண்டும். குனோம் என்னும் மேசைத்தளத்தின் அமைப்பில் விகிதத்தைக் காக்கும் விசை ஒன்றுண்டு. அதனை இட்டால் இக்கணக்கைக் கணினியே செய்துகொள்ளும். இடக்கையால் வரைவோர் பலகையைத் திருப்பி வைத்துக்கொள்ளவும் அங்கேயே வழி உண்டு.

ஐந்தாவது, பழைய வழிகாட்டிகளைப் படிக்கும்போது விழிப்பாயிருத்தல். லினக்ஸில் திரையை ஆளும் முறைகள் இரண்டு. 1987 முதல் வழங்கிவரும் எக்ஸ்11 ஒன்று. 2008இல் தொடங்கப்பெற்ற வேலாண்ட் மற்றொன்று. 'எக்ஸ்செட்வாக்கம்' என்னும் கட்டளையை எழுதச் சொல்லும் வழிகாட்டிகள் எக்ஸ்11 முறைக்கு உரியவை. வேலாண்ட் முறையில் அக்கட்டளை பயன்தராது. மேசைத்தளத்தின் அமைப்புப் பகுதியிலேயே வேண்டுவன செய்தல் வேண்டும். கட்டளை இயங்கவில்லை என்று மனம் தளருமுன், கணினி எம்முறையில் ஓடுகிறது என்பதைக் காண்க.

ஆறாவது, இவ்வளவு செய்தும் பலகை இயங்காதாயின், 'ஓப்பன் டேப்லெட் டிரைவர்' என்னும் கட்டற்ற இயக்கியைச் செய்து பார்க்கலாம். சில நிறுவனங்கள் லினக்ஸுக்கெனத் தாமே இயக்கி தருகின்றன, அதனையும் நாடலாம். ஆயின் இரண்டு இயக்கிகளை ஒருங்கே இயங்கவிடல் கூடாது. ஒரு வண்டியை இரு திசைகளில் இழுக்கும் மாடுகள்போல் அவை சுட்டியை அலைக்கழிக்கும். ஒன்றை முற்றிலும் நீக்கிய பின்னரே மற்றொன்றை நிறுவுக.

குறையைச் சொல்வதும் பணியே

பலகை வழக்கத்திற்கு மாறாக நடந்துகொள்ளும்போது என்செய்வது? இதற்குப் பிரான்சு நாட்டு ஓவியர் தாவித் ரெவுவாவின் பட்டறிவு நமக்கு நல்ல பாடமாகும். அவர் 2014 முதல் 'பெப்பர் அண்டு கேரட்' என்னும் சித்திரக்கதையை லினக்ஸில், கிரீட்டாவைக் கொண்டு வரைந்து, எவரும் மறுபதிப்புச் செய்யலாம் என்னும் உரிமத்தோடு வெளியிட்டு வருபவர். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய கணினியில் கெர்னல் புதுப்பிக்கப்பட்டபோது, எழுதுகோலின் ஒரு பொத்தான் மாறிப்போயிற்று. வலச்சொடுக்குக்கு அவர் பயன்படுத்திவந்த பொத்தான் அழிப்பானாகிவிட்டது. நாள்தோறும் வரைந்து பிழைப்பவர்க்கு இது சிறு இடர் அன்று.

அவர் நிரலாளர் அல்லர். எனினும் தம் பலகையின் பெயர், முன்பு பொத்தான் செய்த வேலை, பின்பு நேர்ந்த மாற்றம் ஆகியவற்றை ஒழுங்காக எழுதிப் பொதுவில் வைத்து உதவி வேண்டினார். கெர்னலில் உள்ளீட்டுக் கருவிகளைப் பேணுவோருள் ஒருவரான பெஞ்சமின் திசுவார் அதனைக் கண்டு, ஓவியரிடம் தகவல்களைக் கேட்டுப் பெற்று, கெர்னல் முழுவதையும் மாற்றாமல் ஒரு சிறு நிரல்துண்டைச் செருகிப் பொத்தானைப் பழைய நிலைக்குக் கொணரும் வழியை அமைத்தார். தெளிவாக எழுதப்பட்ட குறையொன்று, உலகெங்கும் அக்கருவியை உடையோர்க்குப் பயன்பட்டது.

இளைஞர்களே! மனு எழுதும் பழக்கம் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. பட்டாவுக்கும், உதவித்தொகைக்கும், சுடுகாட்டுப் பாதைக்கும் மனு எழுதிப் பழகியவர்கள் நாம். எந்நாள், எவ்விடம், என்ன நேர்ந்தது, என்ன வேண்டும் என்று வரிசைப்படுத்தும் அதே திறமையே இங்கும் தேவை. வேறுபாடு ஒன்றே. இங்குக் குறை சொல்பவரும் அம்மென்பொருளுக்கு உழைத்தவராக மதிக்கப்படுகிறார்.

பயிற்சியும் பிழைப்பும்

பலகை அமைந்துவிட்டால் ஓவியம் வந்துவிடாது. கை மேசைமேல் இயங்க, கண் திரையை நோக்குவதால் முதல் சில நாட்களில் கோடு தடுமாறும். நாள்தோறும் அரைமணி நேரம் நேர்கோடு, வட்டம், தமிழ் எழுத்து ஆகியவற்றை எழுதிப் பழகுக. சில வாரங்களில் கண்ணும் கையும் இணங்கும்.

மென்பொருளுக்குக் குறைவில்லை. வண்ணம் தீட்டக் கிரீட்டா, நிழற்படம் திருத்த ஜிம்ப், பெயர்ப்பலகை எழுத்துக்கும் சின்னங்களுக்கும் இங்க்ஸ்கேப், முப்பரிமாண அசைவுப்படத்திற்குப் பிளெண்டர் ஆகிய நான்கும் விலையின்றிக் கிடைப்பவை. இவற்றின் தரத்தை ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். பிளெண்டரைக் கொண்டு லாத்வியா நாட்டவர் உருவாக்கிய 'ஃப்ளோ' என்னும் படம், 2025இல் சிறந்த அசைவூட்டத் திரைப்படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

தொழிலில் இடர்ப்பாடுகளும் உண்டு. அச்சகத்தார் தம் மென்பொருளின் கோப்பையே கேட்பர். பி.டி.எஃப். அல்லது டிஃப் கோப்பாக, எழுத்துகளை வரைவடிவமாக மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலான அச்சகங்களில் வேலை நடந்துவிடும். அச்சின் நிறம் திரையின் நிறத்தினின்றும் வேறுபடுமாதலின், முதலில் சிறு மாதிரி எடுத்துப் பார்த்தல் நலம். ஒரு பலகையால் வேலைவாய்ப்பு உறுதியாகும் என நாம் வாக்களிக்கவில்லை. சிறுவர் நூல்களுக்குப் படம், பாடநூல் விளக்கப்படம், கடைச் சின்னம், திருமண அழைப்பிதழ் ஆகிய வேலைகளைக் கேட்டுச் செல்லும் தகுதி கைவரும் என்பதே நாம் சொல்லக்கூடியது.

சங்கம் செய்யத்தக்கவை

சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைத்து முடிக்க விழைகிறோம். பழைய கணினிகள் இரண்டும் வரைபலகைகள் இரண்டும் படிப்பகத்தில் இருத்தல் வேண்டும். அவற்றைப் பூட்டிய அலமாரியில் காட்சிப் பொருளாக வையாமல், பிள்ளைகள் கையில் கொடுத்தல் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இசைவான நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகே ஏனையோர் நேரத்தை வகுத்தல் வேண்டும். படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, எந்த மாதிரிப் பலகை, எந்த லினக்ஸ் வழங்கல், நேர்ந்த குறை யாது, தீர்த்த வழி யாது என நான்கு கட்டங்களில் தமிழில் எழுதி வருதல் வேண்டும். ஒருவர் பட்ட பாட்டை அடுத்தவர் மீண்டும் படாதிருக்க அதுவே வழி. தூரிகை பிடித்த முதியோர் நம் தெருவில் இன்னும் உளர். எழுத்தின் சாய்வையும் முகத்தின் அளவையும் கற்பிக்க அவர்களையே ஆசிரியராக அழைத்தல் வேண்டும். கணினியைப் பேரன் அறிவான், கோட்டைத் தாத்தா அறிவார். இருவரும் ஒரே மேசையில் அமரட்டும்.

அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், அன்னை மீனாம்பாள் சிவராஜ் ஆகியோரின் உருவங்கள் நம் வீடுகளில் தொங்குகின்றன. அவற்றுள் பல, யாரோ எங்கோ வரைந்து அச்சிட்டவை. அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையின் பின்னுள்ள பதாகையை, அதன் முகங்களையும் எழுத்துகளையும், நம் படிப்பகத்துப் பிள்ளைகளே வரைந்தனர் என்று தலைவர் அறிவிக்கும் நிலை வருதல் வேண்டும். அப்பதாகையைக் கட்ட ஏணியில் ஏறுபவரும் நம்மவராகவே இருக்கலாம். அதன் மூலையில் வரைந்தவர் பெயராக எழுதப்பட்டிருப்பதும் நம் பிள்ளையின் பெயராக இருக்கட்டும்.